மேசைக்கு வராத உப்பு

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசி கூறி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. அது பழக்கதோஷம். உன் அம்மாவுக்குத் தலைசுற்றல் இன்னும் நிற்கவில்லை, எனக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லை. இவை நீங்கலாக நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் எங்களைப் போல் இல்லாமல் உண்மையாகவே நலமாக இருக்க வேண்டும்.

நீ கொடுத்த மூன்று வாரக் கெடு வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் நாங்கள் இருவரும் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டு, ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காக வந்தால் இந்த வீட்டிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் அம்மா உன் வீட்டுக்கு, நான் உன் தம்பி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுப் போனாய். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பகல் முழுக்கப் பயணம். நாற்பத்துநாலு வருஷத்தில் நாங்கள் பிரிந்திருந்தது, உன் பிரசவத்துக்கு அவள் வந்திருந்த அந்த ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்தில் என் கால்சட்டைகளை எல்லாம் கீழ்வீட்டுத் தையல்காரர் இடுப்பில் இரண்டு அங்குலம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. அதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை.

எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு மனம் ஆறும். டாக்டர் எனக்கு உப்பை நிறுத்தினாரே, அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஒரு வீட்டுல ரெண்டு சமையலா? நீங்க சாப்பிடறதையே நானும் சாப்பிட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் குப்பையை அவள் மூன்று மாதம் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். பிறகு ஒருநாள் பால்கனியில் துணி உலர்த்தும்போது, கையில் என் சட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதே டாக்டர், அதே நாற்காலி. "ரத்தத்துல உப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. நீங்க உப்பு போட்டுத்தான் சாப்பிடணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க கண்ணாலகூடப் பாக்கக் கூடாது" என்றார். ஒருவருக்கு மருந்து, ஒருவருக்கு விஷம், இரண்டும் ஒரே டப்பாவில் இருக்கிறது.

நம் வீட்டு மேசைக்கு உப்பு வராது என்பது உனக்குத் தெரியும். ஏன் என்று தெரிந்திருக்காது. கல்யாணமான புதிதில் என் மேலதிகாரியைச் சாப்பிட அழைத்திருந்தேன். அவர் எதிரிலேயே நான், "கொஞ்சம் உப்பு இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். அவர் போன பிறகு, மேசையில் இருந்த பீங்கான் உப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து, கழுவித் துடைத்து, அடுக்களையின் மேல்தட்டில் வைத்தாள். "இனிமே இந்த மேசைக்கு உப்பு வராது. குறை இருந்தா என்கிட்ட சொல்லுங்க, அடுத்த வேளை சரி பண்றேன்" என்றாள். அன்றிலிருந்து வரவில்லை. நீயும் தம்பியும் அதைச் சட்டம் என்றே நினைத்து வளர்ந்தீர்கள். ஆகவே, உப்பு போடுவதென்றால் பானைக்குள்தான் போட்டாக வேண்டும்.

இனி நீ அனுப்பிய ஸ்லோ குக்கர், இளஞ்சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் அந்த மின்சாரப் பானை. அம்மா அதற்குச் சோம்பேறிப் பானை என்று பெயர் வைத்திருக்கிறாள். உன் குறிப்பைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அரிசி, பருப்பு, சுரைக்காய், கேரட், இவ்வளவு தண்ணீர், காலை ஆறு மணிக்கு வைத்தால் பன்னிரண்டுக்கு வெந்துவிடும், மூடியை மட்டும் திறக்காதே. கடைசி வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தாய். முப்பத்துநாலு வருஷம் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்தவனிடம், சூடேறும் பாத்திரத்தை எட்டிப் பார்க்காதே என்றால் எப்படி? அதில் அழுத்தம் காட்டும் முள் இல்லை, ஆவி போக வால்வு இல்லை, ஒரு சத்தம்கூட இல்லை. வேகிறதா, தூங்குகிறதா என்றே தெரியவில்லை. கால் மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்து நோட்டில் குறித்தேன். "6.15: அசைவில்லை. 6.30: அசைவில்லை. 6.45: கேரட் இடம் மாறியுள்ளது. காரணம் தெரியவில்லை." காரணம் பிறகு தெரிந்தது. நான் அந்தப் பக்கம் போனதும் அம்மா திறந்து கிளறியிருக்கிறாள். இரண்டு மணிக்குப் பருப்பை எடுத்துப் போட்டால் தட்டில் டங்கென்று கேட்டது. "நீங்க திறந்து திறந்து சூட்டையெல்லாம் வெளியில விட்டா அது எப்படி வேகும்?" என்றாள். "நீ திறக்கலையா?" என்றேன். "நான் ஒரே ஒரு தடவைதான்" என்றவள், சாயங்காலத்துக்குள் நாலு தடவை என்று ஒத்துக்கொண்டாள். அன்று ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாளும் அதே கதைதான். மூன்றாம் நாள் மூடியைக் கயிற்றால் கட்டி, முடிச்சில் அரக்கு முத்திரை வைத்துவிட்டேன். வெந்தது. நன்றாகவே வெந்தது. இனி உப்பு ஒன்றுதான் பாக்கி என்று, ஒரு பழைய எவர்சில்வர் தட்டை வெட்டிப் பானைக்கு நடுவே தடுப்பு வைத்தேன். இடப்பக்கம் உப்பில்லாமல் எனக்கு, வலப்பக்கம் உப்போடு அவளுக்கு. உப்பு எந்த நாட்டில் எல்லையை மதித்தது? ஓரத்தில் கசிந்து என் பக்கம் வந்தது. நான்கே நாளில் எனக்கு அழுத்தம் ஏறியது. விளிம்புக்கு மாவு பூசி அடைத்தேன். மாவு வெந்து, அதையும் சாப்பிட வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு ஒரு வாரமாக என் அழுத்தம் ஏறவில்லை. தடுப்பு வேலை செய்கிறது என்று நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன். நேற்று அம்மா அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். எனக்குச் சந்தேகம் வந்து அவள் பக்கத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தேன். அதுவும் என் பக்கத்தைப் போலவே சப்பென்று இருந்தது. "உப்பு போட்டேன், போட்டேன்னு சொன்னியே?" என்றேன். "உங்க பக்கம் கசியுதே, நான் எப்படிப் போடுவேன்?" என்றாள். 

ஆகவே நிதானமாக யோசித்து எழுதுகிறேன். உன் ஏற்பாட்டுக்கு நான் சம்மதிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. சாப்பிட்டாயா என்று கேட்டால் ஆச்சு என்பாள், நம்பாதே, தட்டைப் பார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு வை. எனக்கு இது துளியும் பிடிக்கவில்லை. ஆனால் எனக்காக அவள் இன்னொரு தடவை விழுவது அதைவிடப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். குழந்தைக்கு என் முத்தம். உங்கள் மூவர் உடம்பிலும் எது எவ்வளவு இருக்க வேண்டுமோ அது அவ்வளவு இருந்து, நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. உறையை ஒட்டப் பசை தேடிப் போய்த் திரும்புவதற்குள், அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இதை முழுக்கப் படித்துவிட்டாள்.

"என்னை அனுப்பறதுக்குக் கையெழுத்துப் போட நீங்க யாரு? நான் என்ன பாய்லரா?" என்றாள்.

"நீ விழுந்துடுவே" என்றேன்.

"பையன் வீட்டுல போய் மூடியைத் திறந்தா உங்களை யாரு திட்டுவா?"

நான் பசையை மேசையில் வைத்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "அந்த முக்காலியைப் போட்டு ஏறுங்க. மேல்தட்டுல இருக்கற கிண்ணத்தை எடுங்க" என்றாள். எடுத்தேன். கழுவித் துடைத்து, உப்பு நிரப்பி, மேசையில் தன் பக்கமாக வைத்தாள். "பானையில இனிமே யாரும் உப்பு போட வேண்டாம். என் தட்டுல நானே போட்டுக்கறேன். உங்க கை இந்தப் பக்கம் வரக் கூடாது" என்றவள், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒரு கிண்ணத்துக்காக இத்தனை வருஷம் வீம்பு பிடிச்சிருக்க வேண்டாம்" என்றாள். இன்று மதியம் இரண்டு தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வா, சாப்பிட வா. கெடுவை இன்னும் மூன்று வாரம் நீட்டிக் கொடு.

இந்த முறை பசையைக் கையோடு வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். தட்டில் போட்டுக்கொள்ளலாமே என்று எனக்கு இரண்டாம் நாளே தோன்றிவிட்டது. அவளிடம் கேட்கத்தான் தைரியம் வரவில்லை.