சோப்பு போட்டதில் மயங்கியவன்

ஆபரேஷனுக்குப் போய், கத்தியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் மயங்கி விழுந்த ஆள் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? இனிமேல் தெரியும். நான்தான்.

வலது மணிக்கட்டின் மேல் கோலிக்குண்டு சைஸில் ஒரு நீர்க்கட்டி. வண்டியில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் உயிர் போகும். பெங்களூரு டிராஃபிக்கில் தினமும் எத்தனை முறை சாவது? டாக்டர் மூன்று வழி சொன்னார்: அப்படியே விடலாம், ஊசியால் உறிஞ்சலாம், அறுத்து எடுக்கலாம். உறிஞ்சினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம், அறுத்தால் குறைவு.

"அறுத்துடுங்க டாக்டர். கை மட்டும் மரத்தா போதும், முழிச்சுட்டே பாக்கறேன்" என்றேன். (அவ்ளோ சீன்!)

ஆபரேஷன் அன்று மர்பி டவுன் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அம்மா மாரியம்மன் கோயில் கயிற்றைக் கட்டினாள். எங்கே? அதே கையில், கட்டிக்குப் பின்னால், இறுக்கி, மூன்று முடிச்சு.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா கத்தரிக்கோலோடு வந்தார். "கயிறு இருக்கக் கூடாதும்மா, கட் பண்ணணும்."

"சாமி கயித்துல கத்திரி வைப்பியா? ஆபரேஷன் வெளங்குமா?" என்றாள் கூடவே வந்திருந்த அம்மா.

"அய்யோ, டாக்டர் பைதாரெம்மா!" (கன்னடத்தில், திட்டுவாராம்.)

நான் படிச்ச புள்ளை ஆச்சே! தீர்ப்பு சொன்னேன்: "வெட்டவே வேணாம். சோப்பு போட்டு உருவிடலாம்."

நர்ஸ் அக்கா என் விரல்களைப் பிடித்துக்கொள்ள, அம்மா கயிற்றை இழுத்தாள். வழுக்கிக்கொண்டு வந்த கயிறு கட்டியில் முட்டி நின்றது.

"வருதுடா, வருதுடா" என்று அம்மா இன்னொரு இழு.

கண் திறந்தபோது என் கால்கள் தலையணைமேல் இருந்தன. டியூட்டி டாக்டர், "பிபி எறங்கிடுச்சு. இன்னிக்கு வேணாம்" என்றார்.

"பாத்தியா, ஆத்தாவுக்கே இஷ்டமில்ல" என்றாள் அம்மா, பெருமையாக.

இப்போதெல்லாம் எந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டுக் கை கழுவப் போனாலும் மாமா பின்னாலிருந்து கத்துவார்: "மாப்ள, வெறும் தண்ணில கழுவு! சோப்பு போட்டா யாரு தூக்கிட்டுப் போறது?" சுற்றியிருக்கும் மொத்தக் கும்பலும் சிரிக்கும். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

அடுத்த தேதி வாங்கவேண்டும் என்று பேச்செடுத்தால், கயிற்றை என்ன செய்வது என்று அம்மா ஆரம்பிப்பாள். சண்டை போடத் தெம்பில்லை.

இதை இடது கையால் டைப் செய்துகொண்டிருக்கிறேன். கட்டி அங்கேயே இருக்கிறது. கயிறும்.