அர்த்தநாரி விதைத்த சீமைப்புல்

வாசலில் புல் வளர்ப்பது என்று அர்த்தநாரி முடிவு கட்டியது ஏற்காட்டில். காப்பித் தோட்டத்துக்கு உரமாகப் போட அவரிடம் கடலைப் புண்ணாக்கு கேட்டிருந்தார்கள். மூட்டைகளோடு லாரியில் ஏறிப் போனவர், வெள்ளைக்காரத் துரை விட்டுப் போன ஒரு பங்களாவின் முன்னால் இறங்கினார். இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

பங்களா வாசல் முழுக்கப் புல். ஒரே உயரம், ஒரே பச்சை. மூடுபனி அதன்மேல் படுத்துக் கிடந்தது, எழுந்து போக மனசில்லாத விருந்தாளி மாதிரி. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தார். உள்ளங்கால் வழியாக ஏதோ ஒன்று குளுகுளுவென்று ஏறி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. லாரிக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்த பிறகுதான் அவருக்குத் தான் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கடலைக்காட்டுக்காரன் என்பது ஞாபகம் வந்தது. தோட்டக்காரர் ஒரு பொட்டலம் விதை கொடுத்தனுப்பினார். மலையை விட்டு இறங்கும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தார்.

வீட்டில் சௌந்திரம் மிளகாய் வற்றலில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் எதைக் காயவைத்தாலும் கல் பொறுக்கித்தான் ஆக வேண்டும். வாசல் அப்படி. வடக்கே மேடு, தெற்கே பள்ளம், நடுவே சரளை. மழை பெய்தால் தண்ணீர் நேராக வாசற்படிக்கு வந்து நலம் விசாரிக்கும். "வாசலைக் கொத்திச் சமன் பண்ணி, ஒரு களமாப் போட்டுக் குடுங்க" என்று அவள் கேட்காத வருஷம் இல்லை. "மாசி வரட்டும்" என்று அவர் சொல்லாத வருஷமும் இல்லை.

"வாசல்ல புல்லு வெக்கப்போறேன்" என்றார் அர்த்தநாரி.

சௌந்திரம் நிமிர்ந்து பார்த்தாள். "காட்டுல புல்லுப் புடுங்க ஆள் உட்டிருக்கறோம். ஊட்டுல புல்லு வெக்கறதுங்களா?"

"அது களை. இது சீமைப்புல்லு."

"மாடு திங்குமுங்களா?"

"திங்கும். ஆனா திங்க உடமாட்டோம்."

"அப்பறம் எதுக்குங்க?"

"பாக்கறதுக்கு. பொழுது எறங்கறப்ப மேல நடக்கறதுக்கு. நிலா வந்தா நீயும் நானும் அதுல உக்காந்து காப்பி குடிக்கறதுக்கு."

சௌந்திரம் வாசலைப் பார்த்தாள். வடக்கு மேட்டைப் பார்த்தாள். தெற்குப் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கண்ணைப் பார்த்தாள். அதில் இன்னும் ஏற்காட்டுப் பனி கலையவில்லை.

"சரீங்க" என்றாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து சௌந்திரம் ஒரு விஷயத்துக்கு இத்தனை சுருக்காகச் சம்மதித்ததில்லை. வேறொரு மனிதனாக இருந்தால் பயந்திருப்பான். அர்த்தநாரி மண்வெட்டியைத் தேடிப் போனார்.

வடக்கு மேட்டை வெட்டித் தெற்கே கொட்டினார். காட்டு வேலைக்கு ஆள் வைத்துப் பழகிய கை கொப்புளித்தது. சௌந்திரம் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே ஒரு யோசனையும்.

"ஏனுங்க, கல்லு இருந்தா புல்லு கோணக்கோண வராதுங்களா?"

கல்லையெல்லாம் பொறுக்கினார்.

"அந்தப் பங்களாவுல தண்ணி நிக்குமுங்களா?"

"சொட்டு நிக்காது."

"அப்ப கெழக்க கொஞ்சம் வாட்டம் வெச்சுருப்பாங்களாட்ட இருக்குது."

கிழக்கே சரிவாக வாட்டம் வைத்தார். அந்த யோசனை தனக்கே தோன்றியது என்றுதான் பக்கத்துக் காட்டுச் செல்லமுத்துவிடம் சொன்னார். அவரிடம் இருந்த கல்லுருளையை இரவல் கேட்கத்தான் போயிருந்தார்.

"எதுக்கு மாப்ளே உருளை?"

"லான் போடறேன்."

"சொசைட்டியில குடுக்கறாங்களே, அதா?"

"அது லோன். வாங்குனா தூக்கம் போயிரும். இது லான். போட்டா நல்லாத் தூக்கம் வரும்."

மாடு கட்டி உருளையை இழுத்தார். மண் இறுகிப் பலகையாயிற்று. மேலே ஆற்று வண்டலைச் சலித்துத் தூவி, ஏற்காட்டுப் பொட்டலத்தைப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு விதைத்தார். பூவாளியில் தண்ணீர் தெளித்தார். கோழிகளைக் கூடை போட்டுக் கவிழ்த்து வைக்கும்படி சௌந்திரத்திடம் சொன்னார். "அதுக்கென்னங்க" என்றாள்.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அர்த்தநாரியின் வாழ்க்கையிலேயே அழகான மாலைகள். காட்டிலிருந்து வந்ததும் கட்டிலை வாசலோரம் இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வெறும் மண்தான். அவர் கண்ணுக்கு மட்டும் அது மெல்ல மெல்லப் பச்சையாகும். மலைக்கோயில் பக்கம் சூரியன் இறங்கும்போது புல்நுனியெல்லாம் பொன்னாகும். காற்று ஒரு பக்கமிருந்து தடவிக்கொண்டு போகும். தூங்கும்போதுகூட உள்ளங்கால் தானாக அசையும்.

சௌந்திரமும் சும்மா இருக்கவில்லை. "எருவு வேண்டாமுங்களா அதுக்கு?" என்று கேட்டு, சாணியைக் கரைத்துத் தினம் வாசல் முழுக்கத் தெளித்தாள். தெளித்ததைச் சீமாற்றால் ஒரு சீராக இழுத்தும் விட்டாள். புல்லுக்காக இவள் இப்படிப் பாடுபடுகிறாளே என்று அவருக்கு மனசு நெகிழ்ந்தது.

இன்னொரு சந்தோஷமும் வந்து சேர்ந்தது. தட்டில் தினம் முட்டை விழ ஆரம்பித்தது. ஒரு நாள் பொரியல், ஒரு நாள் குழம்பு.

"கோழியக் கூடையில அடைச்சு வெச்சும் இப்படி வெக்குதே" என்று வியந்தார்.

"வேற வேலை இல்லாட்டி அது என்னங்க பண்ணும்?" என்றாள் சௌந்திரம்.

ஒரு நல்ல மழை பெய்தது. தண்ணீர் வாசற்படிப் பக்கம் எட்டிப் பார்க்காமல் கிழக்கே ஓடிப்போயிற்று. வாசல் கழுவிவிட்ட தாம்பாளம் மாதிரி இருந்தது. புல் மட்டும் வரவில்லை.

உருளையைத் திருப்பிக் கொண்டுபோக வந்த செல்லமுத்து, வாசலில் நின்று காலால் தட்டிப் பார்த்தார். "களம் அருமையா அமைஞ்சுருச்சு மாப்ளே. சிமிட்டி போட்ட கணக்கா இருக்குது."

"களமில்ல. லான்."

"என்னமோ வெச்சுக்க. நீ காட்டுக்குப் போனதும் உன்ற கோழிகளுக்குத்தான் யோகம். பகலெல்லாம் இதுல கெளறிக் கெளறி மேயுது. தங்கச்சி அப்பறமாச் சாணி போட்டு இழுத்து உட்டுருது."

அர்த்தநாரி கோழிக்கூடையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அடுப்படிக்குப் போனார்.

"என்ற புல்லு எங்க?"

சௌந்திரம் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை. "நல்லா இருக்குதுன்னு நேத்து ரெண்டாந்தரம் போட்டுக்கிட்டீங்களே."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஏற்காட்டு மலையையே முட்டைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார். கோபப்பட வேண்டும் என்று நினைத்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வெட்டியது அவர். கல் பொறுக்கியது அவர். வாட்டம் தன் யோசனை என்று ஊரெல்லாம் சொன்னதும் அவர். அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்தார். ஏற்காட்டைப் பற்றி அப்புறம் பேசவில்லை. சாயங்காலத்தில் கட்டிலைக்கூட வாசல் பக்கம் திருப்பிப் போடவில்லை. சௌந்திரத்துக்கு அதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் கடலை முற்றிவிட்டது. வாசல் அவளுக்கு வேண்டும்.

கடலை பிடுங்கிய அன்று வானம் கறுத்தது. காட்டில் போட்டுவைத்தால் நனைந்து முளைத்துவிடும். பிடுங்கிய செடிகளை அப்படியே வண்டியில் ஏற்றி, அவசர அவசரமாக வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். ஏமாற்றிவிட்டு மேகம் மேற்கே போய்விட்டது. சௌந்திரமும் அர்த்தநாரியும் செடிகளைப் பரப்பி விட்டார்கள். வடக்கு ஓரத்திலிருந்து தெற்கு ஓரம் வரை, மேடு இல்லாமல், பள்ளம் இல்லாமல்.

பொழுது இறங்கி, வேலை முடிந்து நிமிர்ந்த அர்த்தநாரி அப்படியே நின்றுவிட்டார்.

வாசல் முழுக்கப் பச்சை. ஒரே உயரம். இலையில் ஈரம் இன்னும் காயவில்லை. மேகம் விலகிய இடத்தில் நிலா வந்து, அந்தப் பச்சையின் மேல் பாலாக இறங்கியது. செருப்பைக் கழற்றினார். ஒரு காலை வைத்தார். குளுகுளுவென்று ஏறியது. அப்படியே மல்லாந்து படுத்தார். மண்ணும் தழையும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது. இடப்பக்கம் ஒரு புரள் புரண்டார். வலப்பக்கம் ஒரு புரள். உலகம் முழுக்க ஏற்காடாகிவிட்டது.

சௌந்திரம் உள்ளேயிருந்து காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை நீட்டினாள். அவர் சொன்ன கனவு அப்படியே, நிலாவோடும் காப்பியோடும், நடந்துகொண்டிருந்தது.

"சௌந்திரம்" என்றார் மெதுவாக.

"சொல்லுங்க."

"இப்படியே இருந்தரலாமாட்ட இருக்குது."

சௌந்திரம் அவரையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அதே மெதுவான குரலில் சொன்னாள்:

"பொரளறதுதான் பொரளறீங்க, அடியில இருக்கற செடியையும் அப்படியே பொரட்டி உட்டுருங்க."