நாளொன்றுக்கு எட்டாயிரம் தலை

கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, நடுவில் ஒரு பழைய மரப்பாலம். பாலம் ஆடுகிறது என்று யாரோ மனுப் போட்டார்கள். அந்த மகராசனை ஊர் இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறது. "அரசிடம் நிதி இல்லாத காரணத்தால், தனியார் பங்களிப்புடன் கூடிய நவீன நடைபாலம் அமைக்கப்படும்" என்று அறிவிப்பு வந்தது. ஒப்பந்தத்தை மூன்றே நாளில் தயாரிக்கும் வேலை பொதுப்பணி அலுவலகத்து மூத்த எழுத்தர் தலையில் விழுந்தது.

எழுத்தருக்கு அதில் சொந்த அக்கறையும் உண்டு. அவர் மனைவி அக்கரை ஆஸ்பத்திரியில் நர்ஸ். மழை வந்தால் மரப்பாலத்தை மூடிவிடுவார்கள்; பாவம், அவள் நெடுஞ்சாலையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு வருஷம் பொறு, அப்புறம் ஆறே நிமிஷத்தில் டியூட்டிக்குப் போய்விடலாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த அலுவலகத்தில் எந்த ஒப்பந்தத்தையும் யாரும் புதிதாக எழுதுவதில்லை. புதிதாக எழுதினால் தப்பு வரும். பழையதைப் பார்த்து அடித்தால், வருகிற தப்புக்கும் முன்னுதாரணம் இருக்கும். எழுத்தர் பீரோவைத் துழாவினார். மலை உச்சியில் நின்று சூரியோதயம் பார்க்கிற காட்சிமேடை ஒன்றின் ஒப்பந்தம் கிடைத்தது. 'காட்சிமேடை' என்று வந்த இடத்திலெல்லாம் 'பாலம்' என்று மாற்றினார். அறுபது பக்கமும் ஒரே மத்தியானத்தில் முடிந்தது. பதினொரு அதிகாரிகள் கையெழுத்துப் போட்டார்கள். படித்துப் பார்ப்பது அங்கே வழக்கமில்லை.

பாலம் ஜோராக எழும்பியது. திறப்பு விழா அன்று நர்ஸ் சீருடையோடு முதல் ஆளாக ஏறி, மறுமுனைக்குப் போய் நின்றாள். அங்கே ஒரு கைப்பிடிக் கம்பி இருந்தது. பன்னிரண்டு அடிக்குக் கீழே ஆஸ்பத்திரி வாசல் இருந்தது. இறங்குவதற்குப் படி மட்டும் இல்லை. பிரிவு பதினேழின்படி, 'பாலத்தைப் பயன்படுத்துவோர் ஏறிய வழியாகவே இறங்குதல் வேண்டும்.'

அன்றைக்கு அவள் திரும்பிவந்து பஸ் பிடித்தாள். சின்னக் குறைதான், சரிபண்ணிவிடுவார்கள் என்று எழுத்தர் சமாதானம் சொன்னார். யார் அடித்த ஒப்பந்தம் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை.

காட்சிமேடை ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பூதங்கள் இருந்தன. பிரிவு இருபத்திரண்டு: நாளொன்றுக்கு எட்டாயிரம் தலைக்குக் குறைந்தால், கட்டிய கம்பெனிக்கு அரசு ஈடுகட்ட வேண்டும். பிரிவு இருபத்துமூன்று: பக்கத்தில் போட்டியாக வேறொன்று இருக்கலாகாது. ஆகவே மரப்பாலத்தை இடித்தார்கள். ஊரின் மொத்த மக்கள்தொகையோ மூவாயிரம்.

உடனே சுற்றறிக்கை பறந்தது. அரசு ஊழியர்கள் தினமும் பத்துத் தடவை பாலத்தில் போய்வர வேண்டும். பொதுமக்கள் பத்துச் சுற்று முடித்தால் ஒரு தொப்பி இலவசம். இலவசம் என்றதும் ஊர் சும்மா இருக்குமா? ஒரே மாதத்தில் பாலம் சுற்றுவது நாகரிகமாகிவிட்டது. சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட, மாப்பிள்ளை எத்தனை சுற்று என்று விசாரித்தார்கள்.

படிக்கட்டு கேட்டு எழுத்தர் ஒரு கோப்பு வைத்தார். தலைமைப் பொறியாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"படிக்கட்டு வச்சா என்னய்யா ஆகும்?"

"ஜனங்க இறங்குவாங்க சார்."

"இறங்கி?"

"அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போவாங்க."

"அதான்யா ஆபத்து. வேலை இருக்கிறவன் ஒரு தடவை போவான், ஒரு தடவை வருவான். வேலை இல்லாதவன்தான் பத்துத் தடவை சுத்துவான். உன் படிக்கட்டால எட்டாயிரம் என்னய்யா ஆகும்? கொஞ்சம் பொதுநலனையும் யோசி."

எழுத்தர் பொதுநலனை யோசித்துக்கொண்டே சீட்டுக்குத் திரும்பினார்.

நர்ஸ் அப்படி யோசிக்கிற ஜாதி இல்லை. ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் மூங்கில் ஏணியை இரவல் வாங்கி, கம்பியில் கட்டிவிட்டாள். ஆறே நிமிஷம்! நோயாளிக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்களும் மருந்துக்கு ஓடுகிறவர்களும் அவள் பின்னாலேயே இறங்கினார்கள். ஒரே வாரத்தில் எண்ணிக்கை ஐயாயிரத்துக்கு இறங்கிவிட்டது.

போட்டிக் கட்டுமானத்தை அகற்றும் ஆணை எழுத்தர் மேசைக்கு வந்தது. கையெழுத்துப் போட மறுத்தால் பழைய கோப்பைத் தோண்டுவார்கள்; பிரிவு பதினேழை அடித்தது யார் என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் அவர் பாலத்து முனையில் நின்றார். கீழே, டியூட்டி முடிந்த மனைவி அண்ணாந்து பார்த்தாள்.

"ஏணி எங்கங்க?"

"எடுத்துட்டாங்க."

"யார் கையெழுத்து?"

பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. பன்னிரண்டு அடி உயரத்தில் நின்றுகொண்டு, காட்சிமேடையிலிருந்து ஏணிவரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நேராகப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். வீட்டிலும் பத்து நாள் பேச்சில்லை.

பதினோராம் நாள் தலைமைப் பொறியாளர் மறுபடி கூப்பிட்டார். பாலத்தின் மகத்தான வெற்றியைத் தொடர்ந்து, ஆஸ்பத்திரியையும் அதே கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம். ஒப்பந்தம் மூன்று நாளில் வேண்டும். இந்தத் தடவை சொந்தமாக எழுதுவது என்று எழுத்தர் சபதம் எடுத்தார். மூன்றாவது வரியில் பேனா நின்றது. நாலாவது வரிக்கு முன்னுதாரணம் இல்லையே! பீரோவைத் திறந்தார். பாலத்து ஒப்பந்தம் மேலாகவே இருந்தது.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. அரசு ஊழியர்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளாகச் சேர வேண்டும். முதல் ஆயிரம் பொதுமக்களுக்குத் தொப்பி. எழுத்தர் விடியலிலேயே பஸ் பிடித்துப் போய் வரிசையில் முதலாவதாக நின்றார். பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி.

"உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. எப்ப வீட்டுக்கு விடுவீங்க?"

"விட்டா எண்ணிக்கை குறைஞ்சிடுமே. பிரிவு இருபத்திரண்டு, நீங்க அடிச்சதுதான்." அவர் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். "முதல் கட்டில் உங்களுக்கு. போய்ப் படுங்க. இனிமேலாவது ரெண்டு பேரும் ஒரே கரையில இருக்கலாம்."

அவருக்குப் பின்னால் ஊரே நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்றது. தொப்பி தீர்ந்துவிடுமோ என்று எல்லோருக்கும் பயம்.