தண்ணீர்ப் பந்தலும் பேர்த் டிக்கெட்டும்

கடல் தாண்டி இருக்கும் பேர்த் நகருக்கு இரண்டு ஓசி விமான டிக்கெட் எடுக்க நாகநாதனுக்கு மைல் போதவில்லை. மகள் பிரியந்தி அங்கே இருக்கிறாள். அடுத்த மாதம் பேரனுக்கு முதல் பிறந்தநாள். காசு கொடுத்தால் நாளைக்கே பறக்கலாம். ஆனால் விமானக் கம்பெனியின் கிரெடிட் கார்டைப் பையில் வைத்துக்கொண்டு காசு கொடுத்துப் பறப்பது, நாகநாதனைப் பொறுத்தவரை, குளத்தங்கரையில் உட்கார்ந்து தண்ணீரை விலைக்கு வாங்குவது மாதிரி.

கார்டில் செலவழித்தால் மைல் சேரும்; மைல் சேர்ந்தால் டிக்கெட் ஓசி. ஆனால் சொந்தச் செலவில் சேர்த்தால் அதில் என்ன கெட்டிக்காரத்தனம்? அதனால் பிறை என்ற ஊரில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் யார் சாப்பிடப் போனாலும் கூடவே போவார். பில்லைப் பாய்ந்து பிடுங்கி, கார்டைத் தேய்த்துவிட்டு, ஆளாளுக்கு ரொக்கமாக வாங்கிக்கொள்வார்.

"இந்த மானக்கேட்டுக்கு நான் பேரனைப் போன்லயே பாத்துக்கிறேன்," என்றாள் மனைவி புஷ்பராணி. சொன்னாளே தவிர, பேரனுக்குப் பின்னிய கம்பளித் தொப்பியைப் போன வாரமே பெட்டியில் வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் வருஷா வருஷம் பந்தல் போட்டு, பக்தர்களுக்குச் சோறும் மோரும் கொடுக்கும் மன்றத்துக்குத் தலைவர் சுகுமாரன்.

"அரிசிக்காரன், பந்தல்காரன் எல்லாருமே முன்பணம் கேக்குறாங்க அண்ணே. நமக்கு வசூல் வர்றதே பூசத்தன்னிக்குத்தான்," என்று சுகுமாரன் புலம்பினார்.

நாகநாதனின் கண்ணில் பேர்த் தெரிந்தது.

"கவலைய விடுங்க தம்பி. என் கார்டுல போட்டுருங்க."

"எவ்வளவுண்ணே?"

"எவ்வளவா? மொத்தமும்லா!"

கடைக்காரர்களிடம் கார்டு மெஷின் இல்லை. சுகுமாரன் மன்றத்து மெஷினைக் கொண்டு வந்தார். அதில் விழும் பணத்தை எடுத்துக் கடைகளுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. எட்டாயிரம் வெள்ளி. நாகநாதன் சந்தோஷமாகத் தேய்த்தார். வசூல் வந்ததும் திருப்பிக் கொடுங்கள் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சாமி காரியத்தில் நாமே காசுப் பேச்சை எடுக்கலாமா? கணக்கு முடிக்கும்போது அவரே தருவார்.

பூசத்தன்று பந்தலுக்குப் போனவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தலைக்கு மேலே பெரிய பேனர் தொங்கியது. 'அன்னதான உபயம்: நாகநாதன், புஷ்பராணி குடும்பத்தார்.'

"தம்பி, இது என்ன அநியாயம்? மொதல்ல என் பேரைக் கழட்டுங்க!"

சுகுமாரனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்.

"பக்த கோடிகளே! ஒரு டியூப் லைட் குடுத்தாக்கூட வெளிச்சம் தெரியாத அளவுக்குப் பேர் எழுதுற காலம் இது. இங்க ஒரு மனுஷன் பேரைக் கழட்டச் சொல்றார்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையை அவர் காலடியில் கிடத்தி ஆசி கேட்டது. நாகநாதன் குழந்தையைத் தாண்டி, சுகுமாரனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, அந்த வசூல் பணம்..."

"நல்லவேளை, ஞாபகப்படுத்துனீங்க! செலவு முழுக்க நீங்க ஏத்துக்கிட்டீங்க. வசூலை நாங்க வச்சுக்கிட்டு என்ன பண்றது? பட்டர்வொர்த்துல ஒரு முதியோர் இல்லத்துக்குக் குடுக்குறதா எழுதிக் குடுத்தாச்சு. அதுவும் உங்க பேர்லதாண்ணே!"

நாகநாதன் ஒரு குவளை மோர் வாங்கிக் குடித்துவிட்டு, இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது என்று வாயைத் திறந்தார். எதிரே புஷ்பராணி வந்து நின்றாள். பட்டுச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா உங்களக் கஞ்சன்னு நினைச்சிட்டேங்க. மன்னிச்சிருங்க."

திறந்த வாய் மூடிக்கொண்டது. அவள் அப்படி அவரைப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது. உண்மையைச் சொன்னால், அது அவருக்குப் பிடித்தும் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டே மனத்தைத் தேற்றிக்கொண்டார். எட்டாயிரம் போனது போனதுதான். ஆனால் மைல் எங்கே போய்விடும்? ஊரார் அதை அன்னதானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பேர்த் டிக்கெட் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். முருகன் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டோமே என்று நினைத்தபோது லேசாகச் சிரிப்புக்கூட வந்தது.

"புஷ்பம், பெட்டியக் கட்டு. போறோம்," என்றார்.

அடுத்த வாரம் புஷ்பராணி கூடத்தில் முறுக்கைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். நாகநாதன் அறைக்குள் இருந்து கார்டு கொடுத்த வங்கிக்குப் போன் போட்டார். அஃப்ரீன் என்ற பெண் எடுத்தாள். அவர் பெயரைக் கேட்டதும் தமிழிலேயே பேசினாள்.

"எட்டாயிரம் வெள்ளிம்மா! இன்னும் ஒரு மைல்கூட ஏறல."

கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அங்கிள், இது மன்றத்துக்குக் குடுத்த நன்கொடைன்னு பதிவாயிருக்கே?"

"இருந்துட்டுப் போவட்டும். என் மைல் எங்க?"

"நன்கொடைக்கெல்லாம் மைல் கிடையாது அங்கிள். புண்ணியம் மட்டும்தான்."