பெண் பார்க்கப் போன இடத்தில் ஓர் இலக்கிய உரை

படிக்காத புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. படித்தவர்களுக்கு வருகிற சந்தேகம் எதுவும் நமக்கு வராது.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை எங்களுடையது. எருமப்பட்டியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் அகிலா, இங்கிலீஷ் டீச்சர். போட்டோவைப் பார்த்த அன்றே நான் காலி. ஆனால் தரகர் ஒரு குண்டைப் போட்டார். "படிக்கிற மாப்பிள்ளைதான் வேணுமாமுங்க. ஏதோ மாயக் கிரீடத்து நாவலாம், தலகாணி மொத்தத்துக்கு இருக்குது, அதையே திருப்பித் திருப்பிப் படிக்குது புள்ள. நீங்களும் படிச்சிருக்கீங்கன்னு சொல்லி வெச்சுட்டனுங்க."

நான் படித்ததெல்லாம் லாரிக்குப் பின்னால் எழுதியிருப்பதுதான். (அதுவும் நாங்களே எழுதியது.) போகிற வழியில் காரில் உட்கார்ந்தே, அந்த நாவலின் முக்கியக் கருத்துகள் என்னென்ன என்று செல்போனில் தேடி உருப்போட்டேன். அதிகார ஆசை, நட்பு, தியாகம். கதையைப் பார்ப்பதற்குள் ஊர் வந்துவிட்டது.

கேசரி வந்தது, அகிலாவும் வந்தாள். "அந்த நாவல்ல உங்களுக்கு என்னங்க பிடிச்சது?"

தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைப் பேச்சாளர் கணக்காக ஆரம்பித்தேன். "அதிகாரம் மனுசனைக் கெடுத்துருமுங்க. கிரீடத்தைத் தலையில வெச்சவன் கழட்டவே மாட்டான். கூடப் பொறந்தவன் கேட்டாக்கூடத் தரமாட்டான்!"

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் அசந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். (மடையன்!) அவளுடைய சித்தப்பா மட்டும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "நல்லாச் சொன்னீங்க மாப்பிள்ளை. இன்னுங் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

சொன்னேன். "தானா எறக்கி வெக்கறதுதாங்க தியாகம். பெரியவங்க அதைப் புரிஞ்சுக்கோணும்!"

அகிலாவின் அப்பா முகம் சிவந்துபோனது. அவர்தான் ஊர்க் கோயிலுக்குத் தலைவராம். தம்பி, அதாவது அந்தச் சித்தப்பா, வருடக்கணக்காகக் கேட்டும் பதவியையும் தரவில்லை, கோயில் சாவியையும் தரவில்லையாம். இது எனக்கு எப்படித் தெரியும்?

"இப்படிப் பேசச் சொல்லிக் குடுத்தது நீதானே?" என்று தம்பி மேல் பாய்ந்தார். "நான் எதுக்குச் சொல்லோணும்? ஊருக்கே தெரியுது!" என்று தம்பி எகிறினார். கேசரித் தட்டு பறந்தது. அம்மா என் தொடையில் கிள்ளினாள். "வாயை மூடு சாமி, ஊட்டுக்குப் போலாம்." அய்யோ, அகிலா போச்சே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செருப்பு மாட்டும்போது அவள் வாசலுக்கு வந்தாள். "கடைசில கிரீடம் என்னாச்சுங்க?"

"அது... அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வருசம் வெச்சுக்குவாங்க."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினாள். "அப்பா, சித்தப்பா ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. இவருக்குக் கதையே தெரியாது!" உள்ளே சண்டை சட்டென்று நின்றது. என்னிடம் மெதுவாகச் சொன்னாள், "படிக்காமயே இத்தனை கலவரம் பண்றீங்க. படிச்சா என்ன பண்ணுவீங்கன்னு பாக்கோணுமுங்க."

ஆக, என் பொய் அம்பலமானதால்தான் எனக்குக் கல்யாணம் நடந்தது. கோயில் சாவி இன்னும் மாமனாரிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் யாராவது டிவி ரிமோட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், சின்ன மாமனார் என்னைப் பார்த்துச் சொல்வார், "மாப்பிள்ளை, எந்திரிச்சு நாலு வார்த்தை பேசுங்க."

நான் எழுந்திருப்பதற்குள் மாமனார் ரிமோட்டை நீட்டிவிடுவார்.