வெயில் கிராணியும் எங்கள் வீட்டுக் கிழக்கும்

மலாக்கா டவுனில் அந்தக் காலத்தில் சூரியன் ஒழுங்காக வேலை பார்த்ததென்றால், அதற்கு மேஸ்திரி வெயில் கிராணிதான். காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் தேடிய அவசரகாலம். ஊரடங்கு, முள்கம்பி, சோதனை என்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அப்போது கூரையைத் திறக்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கிய ஒரே மனிதர் அவர்.

வீட்டுப் பிளான் வரையும் ஆபீசில் அவருக்குக் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா. சட்டைப் பையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். முகம் பார்க்க அல்ல, வெயிலைத் திருப்பிவிட. யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். மேலே பார்த்துவிட்டு டாக்டர் தோரணையில், "இந்த இருட்டு எத்தன நாளா இருக்கு?" என்பார்.

ஒருமுறை லூபோக் சீனா என்ற ஊருக்குப் பெண் பார்க்கப் போனார். பெண் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். இவர் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, புடிச்சிருக்கா?" என்றார் பெண்ணின் அப்பா.

"வீடு நல்ல வீடுதான் மாமா. நடுவுல ரெண்டு கண்ணாடி ஓடு மட்டும் போட்டுருங்கலா!"

கல்யாணம் நடக்கவில்லை. கண்ணாடி ஓடு போட்டார்கள்.

லாரி ஆபீசில் வேலை பார்த்த நான் குடியிருந்தது ஒரு நீளமான கடைவீடு. அதில் ஐந்து குடும்பங்கள், இடையிடையே பலகைத் தடுப்பு. நடுவில் வானம் தெரிய ஒரு முற்றம் இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில் குண்டுக்குப் பயந்து யாரோ அதைத் தகரம் அடித்து மூடிவிட்டார்கள். ஜப்பான்காரன் போய்விட்டான், தகரம் போகவில்லை. பட்டப்பகலில் சிம்னி விளக்கு எரியும். இருட்டில் என் செருப்பு என்று நினைத்துப் பக்கத்து வீட்டுப் பூனையை மிதித்திருக்கிறேன்.

முற்றத்தை ஒட்டிய அறையில் செல்லம்மாக்கா இருந்தார். கணவர் இல்லை. புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்து, தையல் மிஷினை நம்பிப் பிழைத்தவர். காதர் பாய் கடையிலிருந்து தோட்டங்களில் போலீஸ் நிறுத்தியிருந்த காவல்காரர்களின் காக்கிச் சட்டைகள் தைக்க வரும். சிம்னி வெளிச்சத்தில் எல்லா நூலும் ஒரே நிறம். ஒரு கட்டுச் சட்டை முழுக்க ரோஸ் நூலில் தைத்துக் கொடுத்துவிட்டார்.

காதர் பாய் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். "காவக்காரனுங்க இதப் போட்டா கல்யாண மாப்பிள்ள மாதிரி நிப்பானுங்கம்மா. நாளைக்கு மத்தியானம் அடுத்த கட்டுக்கு வருவேன். அதுவும் இப்படி இருந்துச்சுன்னா, வேல வேற ஆளுக்குத்தான்."

அக்கா அழவில்லை. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டுக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஓடிப்போய் வெயில் கிராணியை அழைத்து வந்தேன்.

மேலே பார்த்தார். "தகரத்த எடுங்க."

"சாமி தலையில மழ கொட்டும்," என்று மறித்தார் பெரியசாமி அண்ணன். வீட்டுக்கே அவர்தான் நாட்டாமை. முற்றத்துச் சுவரில் எல்லோருக்கும் பொதுவான சாமி மாடத்தை வைத்தவரும் அவரே.

"சாமி எந்தப் பக்கம் பாக்குதுண்ணே?"

"கிழக்க."

"உள்ள யாரும் சூரியனயே பாத்ததில்ல. கிழக்குன்னு யாரு சொன்னா?"

பலகைத் தடுப்புகளைச் சுற்றிச் சுற்றி உள்ளே வருவதற்குள் யாருக்குமே திசை குழம்பிவிடும்.

"காலையில தகரத்தத் தூக்குவோம். வெயில் சாமி முகத்துல விழுந்தா நானே ஆணி அடிச்சு மூடிட்டுப் போறேன். இல்லன்னா தகரம் போகணும்."

"பாத்துருவோம்லா!" என்றார் அண்ணன்.

மறுநாள் காலை கிராணி கூரையேறித் தகரத்தைத் தூக்கினார். வெயில் இறங்கியது. சாமி பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எதிர்ச் சுவருக்குப் போய், அங்கே காய்ந்துகொண்டிருந்த பெரியசாமி அண்ணனின் சிலுவார் மேல் விழுந்தது. அந்த அரைக்கால் டவுசர் தகதகவென்று ஜொலித்தது.

"இத்தன வருசமா சாமிய மேக்க பாக்க வச்சிட்டனே!" அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சிலுவாரை உருவிவிட்டு, மாடத்தைத் தானே அந்தச் சுவருக்குத் தூக்கினார். "எல்லாத் தகரத்தையும் எடு கிராணி!"

கிராணிக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணாடியை எடுத்து, வெயிலை நேராகத் தையல் மிஷின் மேல் அடித்தார். "அக்கா, தெரியுதா?"

"தெரியுது தம்பி! ரோஸ் வேற, காக்கி வேறயாத் தெரியுது!"

தெருவில் ரோந்து ஜீப் நின்றதையும், கூரைமேல் கண்ணாடி மின்னினால் அந்த நாளில் அதற்கு என்ன அர்த்தம் என்பதையும் அவர் யோசிக்கவே இல்லை.

"யாருக்குடா சிக்னல்?" என்றார் தமிழ் பேசும் கார்ப்ரல்.

"செல்லம்மாக்காவுக்கு சார்."

"அவ எந்தக் காட்டுல இருக்கா?"

கிராணியை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிவிட்டது. அப்படிப் போனவர்கள் சீக்கிரம் திரும்பாத காலம் அது. எங்கள் வீரமெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. அக்கா மட்டும் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சாகத் தைத்தார். மத்தியானம் காதர் பாய் வந்து சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இனிமே பூரா வேலயும் ஒனக்குத்தான்மா."

அக்கா பழைய சட்டையில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார். பின்னால் நானும் அண்ணனும். கார்ப்ரலின் மேசைமேல் இரண்டையும் விரித்தார்.

"நான்தாங்க செல்லம்மா. இது இருட்டுல தச்சது. இது அந்தத் தம்பி காட்டுன வெளிச்சத்துல தச்சது. ஒங்க ஆளுங்களுக்கு எது வேணும்?"

கார்ப்ரல் ரோஸ் நூலை உற்றுப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியை எடுத்தார்.

ஊர்வலமாகத் திரும்பினோம். வெளிச்சம் எல்லா அறைக்கும் போகப் பலகைத் தடுப்புகளின் மேல்பாதி அன்றைக்கே கழற்றப்பட்டது. சாயங்காலம் அக்கா விளக்கு ஏற்றாமல் ஊசியை எடுத்தார். நூல் ஒரே தடவையில் காதுக்குள் நுழைந்தது. வாசற்படியில் நின்றிருந்த வெயில் கிராணி சின்னப் பிள்ளை போலக் கை தட்டினார். அந்தக் கைதட்டலுக்காகவே அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.