டபுள்பொட்டியும் அவருடைய குடித்தனக்காரரும்

ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரே நாளில் இரண்டு வருஷங்களில் வேலை பார்த்த மனிதர் ஒருவர்தான். அவர் டபுள்பொட்டி. கேட்டைத் தாண்டி உள்ளே வரும்போது எங்களைப் போலவே அவருக்கும் 2009. மாடியேறி நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டால் 1998. மதியம் சாப்பாட்டுக்கு 2009-க்கு இறங்கி வருவார். மோர் குடித்துவிட்டு 1998-க்குத் திரும்பிப் போவார்.

எங்களுடையது லாரிக்கும் டிராக்டருக்கும் ஸ்பிரிங் செய்யும் தொழிற்சாலை. எந்த ஸ்பிரிங்குக்கு என்ன கம்பி, எத்தனை சுற்று, உலையில் எவ்வளவு சூடு என்பதெல்லாம் ஒரு பழைய டாஸ் புரோகிராமுக்குள் இருந்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. இரண்டாயிரம் பிறந்ததும் அது தேதியைப் பார்த்து மிரண்டுபோய் வேலை செய்ய மறுத்தது. அவர்தான் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி அதைச் சமாதானப்படுத்தினார். 2009 தொடக்கத்தில் அந்தக் கம்ப்யூட்டரே புகைவிட்டுச் செத்தது. நல்லவேளையாக, புரோகிராமின் நகல் அவர் மேஜை இழுப்பறையில் ஃப்ளாப்பியில் இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் ஒன்றின் திரையில், பழைய கம்ப்யூட்டர் மாதிரியே நடந்துகொள்ளும் ஒரு ஜன்னலைத் திறந்து, அதற்குள் புரோகிராமை உட்கார வைத்தார். வர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். காவேரிப்பட்டினத்துக்காரரான அவர் அதை விளக்கும் விதமே வேறு.

“பழைய பொட்டி சாவலைங்க. புதுப் பொட்டிக்குள்ள குடித்தனம் வெச்சிருக்கேன். வெளிய கீறவரு வீட்டுக்காரரு, உள்ள கீறவரு குடித்தனக்காரரு. வீட்டுக்காரருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தாலும் இவரு கதவச் சாத்திக்குவாரு.”

அன்று முதல் அவர் டபுள்பொட்டி. அதற்கு முன்பு இருந்த பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

உள்ளே ஏன் 1998 என்று கேட்டேன். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன். தேதி பிசகினால் எனக்குச் சோறு இறங்காது.

“ரெண்டு வருசத்துக்கும் கெழம ஒண்ணுதான் சார். காலண்டர எடுத்துப் பாருங்க. இங்க வெள்ளின்னா அங்கயும் வெள்ளி. அவருக்கு ஞாயித்துக்கெழமன்னு தெரிஞ்சும் எழுப்பி வேல வாங்கினா பாவமில்லியா?”

வீட்டில் 1998-ஆம் வருஷத்து நாட்குறிப்பை எடுத்து ஒப்பிட்டேன். ஒரு கிழமைகூடப் பிசகவில்லை. எனக்கு எரிச்சல் கூடியதுதான் மிச்சம். நான் தரச்சான்றுப் பிரிவில் இருந்தேன். அவர் அச்சடித்து அனுப்பும் ஒவ்வொரு தாளிலும் 98-ஐச் சிவப்புப் பேனாவால் அடித்து, 09 என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தாள்.

அந்தப் புரோகிராமை எழுதியவர் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். விலாசம் எதையும் விட்டுப் போகாதவர், கன்னடத்தை மட்டும் ஆங்கில எழுத்தில் விட்டுப் போயிருந்தார். எண்ணைத் தப்பாகத் தட்டினால் திரையில் ‘தப்பு கணோ, மத்தெ ஹாகு’ என்று வரும். தப்புடா, மறுபடி போடு என்று அர்த்தம். தேட நேரமானால் ‘ஸ்வல்ப இரு’, அதாவது கொஞ்சம் இரு. பொது மேலாளராகவே இருந்தாலும் அதற்கு ‘கணோ’தான், ‘டா’தான்.

தென்மாவட்டங்களிலிருந்து வந்த ஆபரேட்டர்கள் பலர் கன்னடம் கற்றது இந்தத் திரையில்தான். சாத்தூர்க்காரர் ஒருவர் எல்லை தாண்டி ஆனேக்கல்லில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். பந்தியில் கேசரியைக் காட்டி ‘மத்தெ ஹாகு’ என்றார். கிடைத்தது. அடுத்து ரசம் சாதத்தின் மேல் பாயசம் விழுந்ததும் ‘தப்பு கணோ!’ என்று கத்தினார். பரிமாறியவர் கல்யாணப் பெண்ணின் அப்பா. மறுநாள் காலை சாத்தூர்க்காரர் நேராக மாடிக்கு வந்து டபுள்பொட்டியிடம் சண்டை பிடித்தார்.

“ஒம்ம பொட்டியால என் மானமே போச்சுய்யா!”

“கேசரி வந்துச்சா, இல்லியா?”

“வந்துச்சு.”

“அப்ப புரோகிராம்ல தப்பு இல்ல, போ.”

ஆயுத பூஜை வந்தது. எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. டபுள்பொட்டி மட்டும் கையில் குங்குமக் கிண்ணத்தோடு கவலையாக நின்றார். “திரை மேல வெச்சா அது வீட்டுக்காரருக்குத்தான சேரும்? குடித்தனக்காரரு மனசு என்னாவும்?” கடைசியில் உட்கார்ந்து ஏதோ தட்டினார். கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியும் இரண்டு பக்கம் பட்டைக் கோடு, நடுவில் ஒரு பூஜ்யம் என்று தொடங்கியது. விபூதியும் பொட்டும்.

“பொரி?” என்று கேட்டேன்.

“அடுத்த வரியில புள்ளி புள்ளியாத் தட்டிட்டேன் சார்.”

பூஜை முடிந்த வாரமே பெங்களூர்த் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். புது மென்பொருள் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் அந்த ஜன்னலை அழித்துவிட வேண்டும் என்றார். டபுள்பொட்டி டிசம்பர் கடைசியில் ஓய்வு பெறுகிறவர். அதுவரை கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதட்டும் என்றும் சொன்னார்.

டபுள்பொட்டி குரல் தணிந்து பேசியதை அன்றுதான் கேட்டேன். “மூணு மாசந்தான சார். அதுவரிக்கும் இவரைக் காலி பண்ணச் சொல்லாதீங்க. வெளியதான் எனக்கு மூணு மாசம். உள்ள இன்னும் பதினொன்னே கால் வருசம் சர்வீஸ் கீது.”

அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் அன்று வந்த ஆர்டர்களில் ஒரு பழைய டிராக்டர் ஸ்பிரிங் இருந்தது. புது மென்பொருளில் தேடினார். அப்படி ஒரு ஸ்பிரிங்கே உலகத்தில் இல்லை என்றது. டபுள்பொட்டி எழுந்து தன் நாற்காலியைத் துடைத்துவிட்டார். “நீங்களே கேளுங்க சார்.”

அதிகாரி உட்கார்ந்து எண்ணைத் தட்டினார். ‘ஸ்வல்ப இரு’ என்றது திரை. எட்டுப் பேர் அவர் நாற்காலியைச் சுற்றி நின்றோம். அடுத்த வரி வந்தது.

‘தப்பு கணோ, மத்தெ ஹாகு.’

நான் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டபுள்பொட்டி முந்திக்கொண்டு சொன்னார். “அவரு எல்லாரையும் அப்படித்தான் சார் பேசுவாரு. வயசானவரு.”

அதிகாரியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “இருவது வருஷம் ஆச்சுரீ! ஒருத்தர்கூட என்னை ‘கணோ’ன்னு கூப்பிட்டதில்லை!”

மறுபடி சரியாகத் தட்டினார். கம்பி, சுற்று, சூடு எல்லாம் வந்தது. எழுந்துவிடுவார் என்று பார்த்தால், வேண்டுமென்றே ஒரு தப்பு எண்ணைத் தட்டித் திட்டு வாங்கினார். இன்னொரு முறையும் வாங்கினார். பிறகுதான் எழுந்தார்.

“டிசம்பர் வரைக்கும் இவர் இருக்கட்டும். நீங்களும் இங்கேயே இருங்க. அதுக்குள்ள எல்லா ஸ்பிரிங்கையும் புதுசுல ஏத்திடுங்க.”

ஏற்றினார். ஒரு ஸ்பிரிங் விடாமல் ஏற்றினார். டிசம்பர் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. உள்ளேயும் வியாழக்கிழமைதான். மாலையில் ஒரே ஒரு தாளை அச்சடித்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“கடைசித் தாளு சார். எதுக்கும் ஒதவாது, சும்மா எடுத்தேன். இதையும் திருத்திருங்க, இல்லன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது.”

சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினேன். தேதியைப் பார்த்தேன்: 31-12-98. மறுபடி மூடிவிட்டேன்.

அந்தத் தாள் இப்போதும் என் நாட்குறிப்புக்குள் திருத்தப்படாமல் இருக்கிறது. அதன்படி டபுள்பொட்டி எங்களை விட்டுப் போக இன்னும் பதினோரு வருஷம் இருக்கிறது.